தெரிந்தவர் குட்டு

அந்த வருஷம் என்னோடு புது நன்மை வாங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

கோயிலுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் மறைக்கல்வி மண்டபத்துக்கு நம் உபதேசியார் பெயரை வைக்கப்போகிறார்களாம். திறப்பு விழா மலருக்கு அவரிடம் படித்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று புதுப் பங்குச்சாமியார் கேட்டிருக்கிறார். நம் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக இதே பேச்சு. "அவரு அடிச்ச அடியிலதான் நான் ஆளானேன்" என்று ஒருவர் போட்டார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் ஒன்றும் போடவில்லை. நான் குழுவில் இருப்பதே உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பத்தாவதோடு படிப்பு நின்றது. ஆனால் எழுதுவேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, மன்னிக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு உபதேசியார் என்றால் யாரென்று தெரியாது. நம்முடையது கிளைக் கிராமம். சாமியார் பங்குத் தலைமைக் கோயிலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் மோட்டார் சைக்கிளில் வருவார். மற்ற ஆறு நாளும் கோயில் உபதேசியார் கையில். மணி அடிப்பது, மந்திரம் சொல்வது, சாகக் கிடப்பவர் தலைமாட்டில் உட்காருவது, செத்தவரை அடக்கம் செய்வது எல்லாம் அவர்தான். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, புது நன்மைக்கு, பூசையில் சாமியின் உடலென்று கொடுக்கும் அப்பத்தை முதல் தடவை வாங்குவதற்கு, தயார் செய்வதும் அவர்தான்.

அவரைப் பற்றி ஒரு நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அடுத்து ஒரு தம்பி பிறந்தான். பிறந்த அன்றே மூச்சுத் திணறினான். உபதேசியார் செருப்புக்கூடப் போடாமல் வரப்பில் ஓடிவந்து, அவன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். சாயங்காலம் அவனுக்குக் குழி வெட்டியவரும் அவர்தான். மண்ணைத் தள்ளும்போது அவர் அழுததை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இது உண்மை. இனி நான் சொல்லப்போவதும் உண்மை.

ஞானோபதேச வகுப்பு, வாய்க்காலில் தண்ணீர் வரும் வாரத்தில் தொடங்கும். குடமுருட்டி ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது அதன் முகத்தில் நுரையும் சருகும் சாணியும் மிதக்கும். செத்த நண்டு வாடை அடிக்கும். அந்த வாடையோடு பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கோயில் தாழ்வாரத்துக்கு வருவோம். முடிவது செப்டம்பரில் மாதா பிறந்தநாளன்று, புது நன்மையோடு. அதற்குள் குறுவை நட்டு, களை எடுத்து, கதிர் வந்திருக்கும். ஒரு போகம் விளைகிற காலம்தான் நமக்கும்.

தாழ்வாரத்தில் பதினெட்டுப் பேர் வரிசையாக நிற்போம், கையைக் கட்டிக்கொண்டு. உபதேசியார் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மூக்குப்பொடி வாசனை. கையில் நொச்சிக் குச்சி. மடியில் அந்தப் புத்தகம். அவருடைய அப்பாவும் உபதேசியாராக இருந்தவர். அவரிடமிருந்து வந்த புத்தகம் அது. அட்டை போய், கித்தான் துணியில் தைத்து வைத்திருப்பார். கரையான் அரித்த ஓட்டைகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஓட்டை விழுந்த சொல்லையும் நிறுத்தாமல் படிப்பார். பங்கிலிருந்து புதுப் புத்தகங்கள் ஒரு கட்டு வந்து, சணல் கயிறு பிரிக்காமல் மூலையில் கிடந்தது. அதன்மேல் மெழுகுவர்த்திப் பெட்டியை வைத்திருந்தார். நாம் எல்லாரும் அதைத் தினமும் பார்த்தோம்.

கேள்வி முதலில் நிற்பவருக்கு. தெரியாவிட்டால் அடுத்தவருக்கு. அப்படியே வரிசையில் நகரும். யார் பதில் சொல்கிறாரோ அவர் திரும்பி, தெரியாமல் நின்ற ஒவ்வொருவர் தலையிலும் குட்ட வேண்டும். "தெரிஞ்சவங்க குட்டு" என்பார் உபதேசியார். அவ்வளவுதான் சட்டம். அவர் கையால் குட்டமாட்டார். மெதுவாகக் குட்டினால் மட்டும் எழுந்து வருவார். "குட்டுன்னா எப்புடின்னு காட்டவா?" என்று, குட்டியவர் தலையிலேயே காட்டுவார். நடுவிரல் முட்டியை வெளியே தள்ளி, மணிக்கட்டை உதறி, உச்சிக்குக் கொஞ்சம் பின்னால். கண்ணுக்குள் மின்னல் அடிக்கும்.

மூன்று முறை தொடர்ந்து தவறினால் நெல். ஒரு தகர டின்னில் களத்தில் கூட்டி அள்ளிய நெல் வைத்திருப்பார். அதைச் சிமெண்டுத் தரையில் கொட்டி அதன்மேல் முழங்காலிட வைப்பார். சாயங்காலத் திரிகால மணி அடிக்கும் வரை. எழுந்திருக்கும்போது நெல் முட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தால் உள்ளே சின்னச் சின்னக் குழி, நெல்லின் வரிகூடத் தெரியும்.

எனக்குப் பதில்கள் வரும். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வாய் திறக்காத நான், அந்த வரிசையில் மட்டும் கேள்வி முடியும் முன் பதில் சொல்வேன். சாவான பாவத்துக்கும் அற்பப் பாவத்துக்கும் என்ன வித்தியாசம், தேவதிரவிய அனுமானங்கள் எத்தனை, எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அதனால் நம்மில் அதிகம் குட்டியவள் நான்தான். உங்களில் பலருக்கு அது நினைவில் இல்லை போலிருக்கிறது. குழுவில் எல்லாரும் உபதேசியார் அடித்ததாகவே எழுதுகிறீர்கள். உங்கள் தலையில் விழுந்ததில் பெரும்பாலானவை என் விரல் முட்டி.

எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

அதிகம் வாங்கியவள் என் மாமா மகள். அம்மாவின் அண்ணன் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவள் முந்தின வருஷமே புது நன்மை வாங்கியிருக்க வேண்டியவள். கடைசிப் பரீட்சையில் பதில் வராமல், தைத்த வெள்ளைக் கவுனோடு கோயிலில் உட்கார்ந்தே இருந்தாள். ஊரே பார்த்தது. மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. மாமா குடிக்கிறவர் இல்லை, ஊதாரி இல்லை. மாட்டு வண்டி ஓட்டுபவர், மானம் பெரிது என்று இருப்பவர். அந்தக் கவுனைப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்தார்கள். இந்த வருஷம் அடித் தையலைப் பிரித்து இரண்டு விரல் நீளம் விட்டார்கள்.

"இந்த வருஷமும் ஒக்காந்தே இருந்தீன்னா, அந்த வெள்ளைத் துணியிலயே சுத்திப் பொதைச்சுருவேன்" என்றார் மாமா. சோறு தின்றுகொண்டே சொன்னார். குரல் உயரவில்லை. பள்ளிக்கூடமும் அத்தோடு சரி, அம்மாவோடு நடவுக்குப் போகட்டும் என்றும் சொன்னார்.

அவள் பயந்த மாதிரி காட்டிக்கொள்ளமாட்டாள். வகுப்பு முடிந்து வரும்போது மண்டையைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்பாள்: "ஏன்டி, சத்தம் நல்லா வந்துச்சா? தேங்கா முத்தலா எளசா?"

"எளசுதான்" என்பேன் நான்.

"அப்ப இன்னும் கொஞ்ச நாளு வுட்டுப் பறி."

இருவரும் சிரித்துக்கொண்டே போவோம். மறுநாள் மறுபடி குட்டுவேன்.

சனிக்கிழமைகளில் அவள் தன் அம்மாவோடு, அதாவது என் அத்தையோடு, நடவுக்குப் போவாள். ஒரு சனிக்கிழமை நான் சோற்றுத் தூக்கு கொண்டுபோனபோது, சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டே அவள் ஞானோபதேசம் சொல்வதைக் கேட்டேன். ஒரு பதில் தப்பில்லை. கட்டைவிரலும் இரண்டு விரலும் நாற்றைப் பிடித்துச் சேற்றில் சொருகும். ஒரு சொருகுக்கு ஒரு சொல். ஒரு பதில் முடிந்ததும் ஒரு எட்டு பின்னால் போவாள். ராகமும் நடவுப் பாட்டு ராகம்.

"இவ்ளோ தெரியுதே, அங்க ஏன்டி மரம் மாதிரி நிக்கிற?"

"கையக் கட்டச் சொல்றாருல்ல. கை நின்னா வாயும் நிக்குது. நான் என்ன பண்ண?"

திங்கட்கிழமை அவள் கையைக் கட்டாமல், விரலை லேசாக அசைத்துக்கொண்டு பதில் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். உபதேசியார் நொச்சிக் குச்சியால் அந்த விரல்களிலேயே அடித்தார். "இது கோயிலா, நடவு வயலா? வேதத்த கூலிப் பாட்டாக்குறியா?" அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அதற்கு அடி விழுந்தது. அடுத்த கேள்விக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், வரவில்லை. எனக்கு வந்தது. போய்க் குட்டினேன்.

ஆவணி நடுவில் நன்மை வாங்கும் பாடம் வந்தது. நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமம் தொடங்கி ஒன்றும் உண்ணவும் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவும் கூடாது. இதை மட்டும் உபதேசியார் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று சொன்னார். எங்கோ ஓர் ஊரில் ஒரு பெண், யாருக்கும் தெரியாமல் ஒரு மாங்காய்ப் பத்தையைக் கடித்துவிட்டு நன்மை வாங்கினாளாம். நாக்கில் வைத்த உடனே வாய் நிறைய இரத்தம். பூசை முடிவதற்குள் பிணம். தெரிந்தும் சொல்லாமல் பக்கத்தில் நின்றவளுக்கும் அதே பாவம். "தெரிஞ்சவங்களுக்கும்" என்று சொல்லி நம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். எனக்கு அன்று இரவு காய்ச்சல் வந்தது.

பரீட்சை, மாதா பிறந்தநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். சாமியாரே கேள்வி கேட்டார். பூவரச மரத்தடியில் நாற்காலி. அப்போதிருந்த சாமியார் இளைஞர், சட்டையெல்லாம் ரோட்டுப் புழுதி. என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். பளிச்சென்று சொன்னேன். "ம், சரி" என்றார். அவ்வளவுதான். இரண்டரை மாதம் எல்லாரையும் குட்டியவளுக்கு ஒரு "ம், சரி".

மாமா மகள் வந்து நின்றாள். கேள்வி கேட்டார். பதில் வரவில்லை. தூரத்தில் மாமா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல்கள் தாமாகவே அசைந்தன. சாமியார் பார்த்துவிட்டார்.

"கையில என்னம்மா? நாத்து நடுறியா?"

உபதேசியார் குச்சியோடு ஓர் அடி முன்னால் வந்தார். அவள் சாமியாரை மட்டும் பார்த்து, "ஆமா சாமி" என்றாள்.

"நடு, நடு. நட்டுக்கிட்டே சொல்லு."

அவள் குனிந்தாள். வெறுந்தரையில் நாற்றுச் சொருகினாள். ஒரு பதில், ஒரு எட்டு பின்னால். சாமியார் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். மரத்தடியில் தொடங்கி, கோயில் சுவரில் முதுகு முட்டும்வரை ஒரு பதில்கூடத் தவறவில்லை. சாமியார் எழுந்து கைதட்டினார். ஒரு மாதா படம் கொடுத்தார், ஓரத்தில் தங்க நிறம் பூசிய படம். மாமா சக்கரத்தை விட்டு நிமிர்ந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் உபதேசியார் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவர் முகமும் ஒரே மாதிரி இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே ஒத்திகைக்கு வரச் சொல்லியிருந்தார். நானும் அவளும் வெள்ளைக் கவுன், தலையில் காகிதப்பூ முடி, தாளில் சுற்றிய மெழுகுவர்த்தியோடு முன்னால் போனோம். அம்மாவும் அத்தையும் பின்னால் வெகு தூரத்தில். வரப்பின் இரண்டு பக்கமும் குறுவை இடுப்புயரம் நின்றது. பனியில் கவுன் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். முந்தின ராத்திரிக்கு அப்புறம் இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

அவள் நின்று ஒரு கதிரை இழுத்து, ஒரு மணியை நகத்தால் அழுத்தினாள். வெள்ளையாக ஒரு துளி வந்தது.

"பாலு கட்டிருச்சுடி. பாரேன்."

உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பருவத்தில் கதிரை உருவி வாயில் வைத்துச் சப்பினால், இனிப்பும் பச்சை வாசனையுமாக இறங்கும். அவள் முதலில் துளியை நக்கினாள். பிறகு கதிரையே வாயில் வைத்தாள்.

"அடிப்பாவி! நன்மை வாங்கணும்டி இன்னைக்கு."

"இது என்ன சோறாடி? இன்னும் அரிசியே ஆவல. அரிசி ஆவாதது எப்புடிச் சோறாவும்?"

"ஒண்ணும் உண்ணக் கூடாதுன்னு இருக்கு."

"உண்ணலையே. சப்புறேன்." சக்கையைத் துப்பிவிட்டு இன்னொரு கதிரை என்னிடம் நீட்டினாள். "வேணும்னா ஒங்க உபதேசியாரக் கேட்டுப் பாரு."

நான் கேட்டேன்.

கோயில் வாசலில் மணிக்கயிற்றுப் பக்கம் அவர் தனியாக நின்றிருந்தார். நான் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, பால் கதிரச் சப்புனா நோன்பு முறியுமாய்யா?" என்றேன். ஒரு கேள்விதானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் வாயிலிருந்து இரத்தம் வந்துவிடும் என்ற பயம் நிஜம். அவள் செத்துப்போவாள் என்று நம்பினேன். அதுவும் நிஜம். ஆனால் அந்தத் தங்க ஓரம் வைத்த படம் என் கண்ணுக்குள் இருந்தது. இதில் எது எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

அவர் என் பக்கம் குனிந்தார். "யாரு?" என்றார்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடை மாற்றும் அறைக்கு இருவரையும் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். விரலை மோந்தார். பிறகு காதோடு சேர்த்து அறைந்தார். காகிதப்பூ முடி சுவரில் போய் விழுந்தது. அவள் "அரிசி ஆவலய்யா" என்று தொடங்கினாள். மறுபடி அறைந்தார். "தேவதுரோகி. சாமி ஒடம்ப எச்சி வாயில வாங்க வந்தியா?" அது வெறும் கோபம் அல்ல. அவருக்கும் நிஜமாகவே பயம். அவள் நரகத்துக்குப் போவதைக் கண்ணால் பார்ப்பவர் போல அவர் முகம் இருந்தது. அவர் அடித்தது அந்தப் பயத்தில். அதனால்தான் அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

அவள் மூலையில், விழாவுக்காகத் தாழ்வாரத்திலிருந்து உள்ளே எடுத்துப் போட்டிருந்த, பிரிக்காத அந்தப் புத்தகக் கட்டின் மேல் சரிந்து உட்கார்ந்தாள். மூக்கிலிருந்து ஒரு கோடு இரத்தம் கவுன் கழுத்தில் இறங்கியது.

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சவ நீதானே. குட்டு."

நான் நின்றேன்.

"குட்டுன்னா எப்புடின்னு காட்டவா?"

நான் போய்க் குட்டினேன். நடுவிரல் முட்டியை வெளியே தள்ளி, மணிக்கட்டை உதறி. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தேங்காய் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்று வேறு ஊர்களில் பூசை முடித்துவிட்டுச் சாமியார் வந்து சேர வெயில் ஏறிவிட்டது. நன்மை கொடுக்கும்போது மணி பத்து இருக்கும். பதினேழு பேர் வரிசையாகப் போனோம். நன்மை என் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரத்தம் வரும் என்று நான் காத்திருந்தேன், எனக்கு. வரவில்லை. சாமியார் வரிசையைப் பார்த்து உபதேசியாரிடம் ஏதோ கேட்டார். உபதேசியார் காதில் ஏதோ சொன்னார். சாமியார் ஒரு நொடி நின்றார். பிறகு அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தார். அவருக்கு நோன்பு விதி தெரியாமல் இருந்திருக்காது. அவருக்குச் சொல்லப்பட்டது என்ன என்று எனக்குத் தெரியாது.

அவள் கடைசி வரிசையில் கவுனோடு உட்கார்ந்தே இருந்தாள். இரண்டாம் வருஷம்.

பூசை முடிந்து வாழையிலையில் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவள் கூந்தலைப் பிடித்துக் கோயில் வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனார். வரப்பில் அவள் கால் நிற்கவில்லை, வயலுக்குள் விழுந்தாள். கதிர்கள் ஒடியும் சத்தம் கேட்டது. வண்டியிலிருந்து எடுத்த தார்க்குச்சி மாமா கையில் இருந்தது, மாட்டை அடிக்கும் குச்சி. எத்தனை அடி என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவள் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினாள். அடி விரல்களில் விழுந்தது. அந்தச் சத்தம் கதிர் ஒடிவது போலவே இருந்தது. அதனால் யாருக்கும் உடனே புரியவில்லை.

நாம் எல்லாரும் கையில் இலையோடு நின்றோம். என் இலையில் பொங்கல் ஆவி பறந்தது. அத்தைதான் சேற்றில் இறங்கி மகள் மேல் விழுந்தாள். நாலு அடி அத்தைக்கும் விழுந்த பிறகு மாமா குச்சியை எறிந்தார். உபதேசியார் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடிக்கும் நேரமில்லை. கயிற்றை விடவும் இல்லை.

நடுவிரலும் மோதிர விரலும். நாட்டுக்கட்டுப் போட்டார்கள். கோணலாகச் சேர்ந்தது. பள்ளிக்கூடம் நின்றது. மாமா சொன்னபடியே அத்தையோடு நடவுக்குப் போனாள். வலது கையால் நாற்றுப் பிடிக்க வராமல், இடது கையால் நடப் பழகினாள். வரிசையில் பக்கத்தில் இருப்பவர் கையில் இடிக்கும் என்று அவளை எப்போதும் ஓரத்தில் நிறுத்தினார்கள். அவள் புது நன்மை வாங்கியது கல்யாணத்தன்று காலையில்தான். அதுவும் கணவர் ஊர்க் கோயிலில்.

என் மகளுக்குப் புது நன்மை கொடுத்த வருஷம், நான் வாழ்க்கைப்பட்ட வலங்கைமானில் இருந்து அவளை வகுப்புக்குக் கூட்டிப்போவேன். ஒரு நாள் சிஸ்டர் பிள்ளைகளிடம், "நன்மை வாங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பிட்டு முடிச்சிருங்க, தண்ணி எப்ப வேணா குடிக்கலாம்" என்று சொல்வதைக் கேட்டேன். எல்லாரும் போன பிறகு நின்று, எப்போது சிஸ்டர் இப்படி மாறியது என்று கேட்டேன். "அது எப்பவோ மாறிடுச்சேம்மா. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆறு மணிக்குக் கதிர். பத்து மணிக்கு நன்மை. பால் கதிர் உணவா இல்லையா என்ற கேள்வியே தேவையில்லை. அவள் வீட்டிலேயே நாலு இட்லி தின்றுவிட்டு வந்திருக்கலாம். அந்த விதி, பிரிக்காத கட்டுக்குள் இருந்திருக்கும். அவள் அதன்மேல்தான் விழுந்து உட்கார்ந்திருந்தாள்.

இதை அவளிடம் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் துணிவு வரவில்லை. கல்யாணங்களிலும் சாவுகளிலும் பார்ப்போம். நன்றாகப் பேசுவாள். அந்தக் காலையைப் பற்றி மட்டும் பேசியதில்லை. மண்டபத்துக்குப் பெயர் வைக்கும் பேச்சு வந்த பிறகு, இந்த எழுத்தைத் தொடங்கும் முன் அவளைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பெயரை வைத்தாலும் வைக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. அந்த மண்டபத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டு இன்னொரு பிள்ளையை அடிக்க வைக்காமல் இருந்தால் போதும்.

போன வாரம் பஸ் ஏறி, அவள் வாழ்க்கைப்பட்ட திருத்துறைப்பூண்டிக்குப் போனேன். வாசலில் அரிவாள்மணை போட்டுக் கெண்டை ஆய்ந்துகொண்டிருந்தாள், இடது கையால்.

"வாடி. சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற. யாரு செத்தா?"

"யாரும் சாவல."

பக்கத்தில் உட்கார்ந்து, சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். ஒரு மணி நேரம் என்பதைச் சொன்னேன். அவள் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பேர்ந்து?"

"எங் கல்யாணத்தன்னைக்கு. காபி குடிச்சுட்டு வாம்மா, பூசையில மயங்கிடப் போறன்னு இந்த ஊரு சாமியாரு சொன்னாரு. நோன்பு சாமின்னேன். சிரிச்சுட்டாரு."

"அப்பவே ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணிருப்ப? அழுதிருப்ப. ஒங் கண்ண நான் தொடச்சிக்கிட்டு நிக்கணும். எனக்கு அன்னைக்கு வேற வேலை இருந்துச்சு."

"நான் சும்மா ஒரு கேள்விதான்டி கேட்டேன் அவரு கிட்ட."

அவள் அரிவாள்மணையில் கை வைத்தபடி நிமிர்ந்தாள். "பொய் சொல்லாத. அங்க யாரு தெரியாமக் கேள்வி கேட்டா? பதிலு தெரிஞ்சுதான அவரும் கேப்பாரு, நீயும் கேட்ட."

பூனை ஒன்று மீன் குடலை இழுத்துக்கொண்டு ஓடியது. அவள் அதட்டவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் நான் பளிச்சென்று சொல்லி முடித்துவிட்டிருந்தேன். அவள் முன்னால் முழங்காலிட்டுத் தலையைக் குனிந்தேன்.

"தெரிஞ்சவ நீ. இத்தன வருஷம் தெரியாம நின்னவ நான். குட்டு."

"போடி கிறுக்கி. மீன் கையி."

"குட்டுடி."

அவள் எழுந்து போய்விட்டாள் என்று நினைத்தேன். பிறகு சாம்பலில் கை தேய்க்கும் சத்தம், குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம், சேலையில் துடைக்கும் சத்தம் கேட்டது. என் முகத்துக்கு நேரே வந்து வலது கையை ஒரு முறை மடக்கிப் பார்த்தாள். இரண்டு விரல் மடங்காமல் நின்றன. அதைக் கீழே இறக்கிவிட்டு இடது கையை மடக்கினாள்.

உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், முட்டியை வெளியே தள்ளி, மணிக்கட்டை உதறி. கண்ணுக்குள் மின்னல் அடித்தது. பல்லைக் கடித்தேன், இருந்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சமும் குறைத்துக் குட்டவில்லை அவள்.

அரிவாள்மணைக்கு முன்னால் திரும்ப உட்கார்ந்து அடுத்த மீனை எடுத்தாள்.

"முத்திருச்சுடி" என்றாள்.